தளம் போட்ட பிறகு பிளானை மாற்றலாமா?

மூன்றாம்மாடி:
தாம்பரம் பக்கம் எழும்பும் அடுக்ககத்தில் ஒரு வீடு பதிந்திருக்கிறேன். சமையலறையை ஒட்டி, பாத்திரம், துணி துவைக்க விட்ட யுட்டிலிட்டியை அம்மாவுக்குக் கழிப்பறையாக்கித் தரச் சொன்னேன். தளம் போட்டாச்சு, முடியாது என்கிறார்கள். முழுப் பணமும் கொடுக்கும் எனக்கு இந்த உரிமைகூட இல்லையா?

தூக்குக்குண்டு:
சைட் இன்ஜினியராகச் சொல்கிறேன், சார். கழிப்பறை வரும் இடத்தில் கான்கிரீட் போடும்போதே தளத்தைத் தாழ்த்தி விடுவோம். கழிவுக் குழாய் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடும். யுட்டிலிட்டியில் அந்தப் பள்ளம் இருக்காது. இனி வைப்பதென்றால் தரையை உயர்த்த வேண்டும், அம்மா படியேறிப் போக வேண்டும். இல்லையென்றால் தளத்தைத் துளைத்து, கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேல் குழாயைத் தொங்கவிட வேண்டும். அவர் ஒப்புவாரா? அப்புறம், ஒரு வீட்டுக்காக வேலையை நிறுத்தினால் பிளம்பர், டைல்ஸ் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பப் பிடிப்பதற்குள் எல்லா வீடும் தாமதமாகும்.

மூன்றாம்மாடி:
அஸ்திவாரம் தோண்டும்போதே மின்னஞ்சலில் கேட்டேனே! "அப்புறம் பார்க்கலாம்" என்று போனில் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் விளையாட விட்ட இடத்தைக் கார் நிறுத்தமாக மாற்றும்போது மட்டும் யாரைக் கேட்டார்கள்?

பத்திரம்:
அதை விடாதீர்கள். வீடு வாங்குவோரைக் காக்கும் 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, பொது இடத்தை மாற்ற வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். டெல்லி அருகே நொய்டாவில் எமரால்டு கோர்ட் என்ற அடுக்ககத்தில் தோட்டம் என்று காட்டிய இடத்தில் இரட்டைக் கோபுரம் எழுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் இடிக்கச் சொன்னது, 2022 ஆகஸ்ட் 28 அன்று தகர்த்தார்கள்.

தூக்குக்குண்டு:
விளையாட்டு இடத்தில் நானும் உங்கள் பக்கம்தான். கழிப்பறைக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே உள்ள, எல்லாரும் பயன்படுத்தும் கழிப்பறையின் கதவை அம்மா அறைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தூண், பீம், குழாய் எதையும் தொட வேண்டாம், செங்கல் சுவர் மட்டும்தான். சுவரையும் கான்கிரீட்டில் வார்க்கும் கட்டடம் என்றால் இதுவும் நடக்காது. சுவர் இன்னும் எழுப்பவில்லை என்றால் செலவே இல்லை, எழுப்பிவிட்டால் இடித்துக் கட்டும் கூலி உங்களுடையது.

மூன்றாம்மாடி:
செங்கல் சுவர்தான், போன வாரம் கட்டிவிட்டார்கள். கதவு யோசனை சரி, அம்மாவிடம் பேசுகிறேன். ஆனால் அந்தக் கூலியை நான் தர மாட்டேன் சார். அஸ்திவாரத்திலேயே கேட்டதற்கு மின்னஞ்சல் இருக்கிறது.