டெட்டோமிடின் (குதிரை மயக்க மருந்து) ட்ரிப் ஸ்பீடை மாத்தவே இல்ல, ஒரு மணி நேரத்துல குதிரை ஏன் இப்படி சாயுது?

லாடம்:
டாக்டர்ஸ், ஒரு சந்தேகம். 450 கிலோ கெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை), மேல் கடைவாய்ப்பல் எடுக்கணும், நிக்க வச்சே பண்ணோம். டெட்டோமிடின் கிலோவுக்கு 8 மைக்ரோகிராம் ஐவி (ரத்தக்குழாய்ல ஊசி), அப்புறம் 500 மில்லி சலைன்ல 20 மில்லிகிராம் கலந்து, 20 சொட்டு ஒரு மில்லி ஆகுற செட்ல நிமிஷத்துக்கு 90 சொட்டு, அதாவது கிலோவுக்கு நிமிஷம் 0.4 மைக்ரோகிராம். முதல் அரைமணி சூப்பர். ஒரு மணி தாண்டினதும் தலை முழங்கால் வரைக்கும் தொங்குது, முன்னங்கால் மடங்குது, மொத்த வெயிட்டையும் ஸ்டாக்ஸ் (குதிரைய நிறுத்தி வைக்கிற சட்டம்) கம்பி மேல போட்டுடுச்சு. ஹார்ட் ரேட் 26, நடுநடுவுல துடிப்பு விட்டுப்போகுது. ட்ரிப்ப நிறுத்தி பல்ல எடுத்து முடிச்சாச்சு, குதிரையும் நல்லாருக்கு. ஆனா சொட்டு ஏறவே இல்லையே, ஏன்?

சேணம்:
சொட்டு ஏறலதான் தம்பி, ரத்தத்துல மருந்து ஏறுச்சே. ஒரே ஸ்பீட்ல ஓட்டினா அளவு ஒரு நிலைக்கு வர நாலஞ்சு ஹாஃப் லைஃப் (ரத்தத்துல இருக்கிற மருந்து பாதியா குறையுற நேரம்) ஆகும். டெட்டோமிடினுக்கு ஒரு ஹாஃப் லைஃப் சுமார் அரைமணி, சில ஆய்வுல ஒரு மணிக்கு மேலயே வந்திருக்கு, அப்ப ரெண்டு மணி நேரத்துக்கு அது ஏறிட்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு டெட்டோமிடின் மாதிரி ஆல்ஃபா-2 வகை மயக்க மருந்துங்க இதயம் தள்ற ரத்தத்தையே குறைச்சிடும், லிவருக்குப் போற ரத்தமும் குறையும், மருந்த வெளியேத்த வேண்டியதே லிவர்தான், அதையே மருந்து மந்தமாக்கினா எப்படி? 0.4ல ஆரம்பிங்க, தப்பில்ல, ஆனா 15 நிமிஷத்துல 45 சொட்டு, அடுத்த 15ல 22, அப்புறம் குதிரையப் பாத்து.

கடிவாளம்:
+1. துடிப்பு விட்டுப்போறது செகண்ட் டிகிரி ஏவி பிளாக் (இதயத்தோட மேலறை சிக்னல் சிலது கீழறைக்குப் போகாம நிக்கிறது), இந்த மருந்துல சகஜம். அதப் பாத்துட்டு துடிப்ப ஏத்துற அட்ரோபின் எடுத்துடாதீங்க, ஏற்கனவே மந்தமான குடல் சுத்தமா நின்னு கோலிக்ல (கடுமையான வயித்து வலி) கொண்டு விட்டுடும். மேக்சிலரி நெர்வ் பிளாக் (மேல் தாடைய மரத்துப்போக வைக்கிற ஊசி) போட்டீங்களா? வலி இல்லன்னா பாதி மருந்துல வேலை முடியும், வலிய ட்ரிப்ப வச்சு அமுக்கப் பாத்தாதான் இப்படி ஆழமாப் போயிடும்.

லாடம்:
பிளாக் போடல சார், பியூட்டார்ஃபனால் (வலி மருந்து) மட்டும்தான். இன்னொண்ணு, பக்கெட் கணக்கா மூத்திரம் போச்சு, தரையெல்லாம் வழுக்கல், அதுவும் மருந்துதானா? எங்ககிட்ட சைலசின் (அதே வகை மயக்க மருந்து) நிறைய இருக்கு, அதுல ஓட்டினா இந்தத் தொல்லை இருக்காதா?

சேணம்:
மருந்துதான். இன்சுலின் குறைஞ்சு சர்க்கரை ஏறும், ஏடிஹெச் (மூத்திரத்தக் குறைக்கிற ஹார்மோன்) வேலையும் கெடும், ரெண்டும் சேந்து கொட்டும். நீளமான கேஸ்னா முன்னாடியே யூரின் கத்தீட்டர் போட்டுடுங்க, நிரம்பின பிளாடரோட குதிரை ஒரு இடத்துல நிக்காது. சைலசினுக்கும் ஹாஃப் லைஃப் ஐம்பது நிமிஷம் பக்கம் வரும், அதே கதைதான்.

கடிவாளம்:
தலை தொங்கிடுச்சுன்னு பின்னங்கால் பக்கம் போய் நிக்காதீங்க, இந்த மயக்கத்துலயும் சத்தம் கேட்டா குறி பாத்து உதைக்கும், காதுல பஞ்சு வைங்க. முழுசா தெளியறவரைக்கும் தீனி வேண்டாம், தொண்டைல அடைச்சுக்கும். குடல் சத்தம் ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, முதல்ல கொஞ்சம் நனைச்ச புல்லு மட்டும்.