புரோஸ்டேட் மாத்திரையுடன் சாலிஃபெனசின் சேர்த்த பிறகு சிறுநீர் தடைபடுகிறது: அனுபவம் உள்ளவர்கள் உதவவும்

வணக்கம். மதுரையில் என்னுடன் வசிக்கும் அப்பாவுக்கு வயது 68. புரோஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் 0.4 மி.கி., டூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையை ஐந்து மாதங்களாக இரவு உணவுக்குப் பின் எடுத்துவருகிறார். இரவில் ஐந்து முறை எழுந்தவர், இரண்டு முறை மட்டும் எழும் அளவுக்குத் தேறியிருந்தார்.

அவசரமாக முட்டுவது மட்டும் குறையாததால், மூன்று வாரங்களுக்கு முன் சாலிஃபெனசின் 5 மி.கி. சேர்க்கப்பட்டது. அவசரம் அடங்கியது, ஆனால் நான்காம் நாளிலிருந்து சிறுநீர் இறங்கவே நேரமாகிறது, விட்டுவிட்டு வருகிறது, முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்யும்போதும் சொட்டுகிறது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் உண்டு. நேற்று விடியற்காலையில் அவர் இடது கையைச் சுவரில் ஊன்றியபடி பத்து நிமிடம் நின்றார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மனம் தாங்கவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் ஸ்கேனில், சிறுநீர் கழித்த பின்னும் 140 மி.லி. தேங்கியிருந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்தோம், காபியை நிறுத்தினோம், சற்றுப் பொறுத்து மறுமுறை கழிக்கப் பழக்கினோம். சளி மாத்திரைகள் சில சிறுநீரை அடைக்கும் என்பதால் அவற்றையும் தவிர்க்கிறோம். எதுவும் பலன் தரவில்லை. மருத்துவரைப் பத்து நாள் கழித்தே பார்க்க முடியும். நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. முழுவதுமாக அடைத்துக்கொண்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்வோம்.

இதே மருந்துகளால் இப்படித் தடைபட்டவர்களுக்கு, மருத்துவர் சாலிஃபெனசினை நிறுத்தினாரா அல்லது அதே அவசரத்துக்குத் தரப்படும் வேறு மருந்தான மிராபெக்ரானுக்கு மாற்றினாரா?