பத்தியத் தாளில் எதை வைக்கலாம், எதை நீக்கலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஹோமியோபதி மருந்து வாங்குவோருக்குக் கொடுக்க ஒரு பக்கப் பத்தியத் தாள் தயாராகிறது. உங்கள் உதவி தேவை.

மருந்துக்கு முன்னும் பின்னும் 15 முதல் 30 நிமிடம் வாய் வெறுமையாக இருக்க வேண்டும், உருண்டைகளைக் கையில் தொடாமல் மூடியில் கொட்டி நாக்கில் போட வேண்டும் என்பவற்றில் சிக்கல் இல்லை. சர்க்கரை உருண்டை ஈரத்தையும் வாசனையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதனால் கற்பூரம், தைலம், வாசனைத் திரவியம் இருக்கும் அலமாரியில் புட்டியை வைக்கக் கூடாது.

குழப்பம் காபியில்தான். ஹோமியோபதியை நிறுவிய ஹானிமன் காபி, தேநீர், வாசனைப் பொருள்கள் எல்லாவற்றையும் விலக்கச் சொன்னார். இன்று பலர் காபியை அனுமதிக்கிறார்கள். இவை மருந்தை முறிக்கும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்றும் கிடையாது. (12சி, அதாவது நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்த்த வீரியம், அதற்கு மேல் போனால் மூலப்பொருளின் மூலக்கூறே மிஞ்சாது என்ற பழைய வாதம் வேறு!)

நீங்கள் காபியை முழுவதும் நிறுத்தச் சொல்கிறீர்களா, ஒரு மணி நேர இடைவெளி போதுமா? புதினா பற்பசை? பச்சைப் பூண்டு, வெங்காயம்? எந்த வீரியத்துக்கு என்று சேர்த்து எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் வரி மட்டும் வேண்டாம், அது ஆபத்து.