பாம்பு எண்ணெய்க்கு வெறும் 20 டாலர் அபராதமா?

நூலகப்பூனை:
அமெரிக்காவில் பொய் லேபிள் ஒட்டி விற்ற பேட்டண்ட் மருந்துகள் (டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்ற, செய்முறையை ரகசியமாக வைத்த மருந்துகள்) மேல் அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. 1906லேயே உணவு, மருந்துச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார், சோதனை செய்யும் வேலை விவசாயத் துறையில் இருந்த ஹார்வி வைலியின் வேதியியல் பிரிவுக்குப் போனது. அப்புறம் பார்த்தால், வாதம், பல்வலி, விஷக்கடி எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று விற்ற கிளார்க் ஸ்டான்லியின் பாம்பு எண்ணெய்த் தைலத்தைச் சோதித்ததில் பெரும்பாலும் கனிம எண்ணெய், கூடவே சுமார் ஒரு சதவீதம் கொழுப்பு (மாட்டுக் கொழுப்பாக இருக்கலாமாம்), கொஞ்சம் மிளகாய்க் காரம், இவ்வளவுதான் தேறியிருக்கிறது. 1916ல் அதற்குப் போட்ட அபராதம் 20 டாலர்! சட்டத்திலேயே ஓட்டையா, இல்லை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லையா?

வாய்தா வாசு:
ஓட்டைதான், அதுவும் பெரிய ஓட்டை. 1906 சட்டப்படி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொய் லேபிள் மருந்து அனுப்பினால் முதல் தடவைக்கு அதிகபட்சமே 200 டாலர்தான். வாஷிங்டன் நகரில் ஹார்ப்பர் என்பவர் தலைவலி மருந்தில் அசிட்டனிலைடு என்ற ஆபத்தான வலிமருந்தைப் போட்டு, அதைத் தீங்கில்லாத 'மூளைக்கு உணவு' என்று விற்று 1908ல் மாட்டினார். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளுக்கும் சேர்த்து மொத்த அபராதம் 700 டாலர், சிறை இல்லை. ரூஸ்வெல்ட்டே அவர் உள்ளே போகவேண்டும் என்று விரும்பியும் நடக்கவில்லை.

அபராதத் தொகையை விட மோசமானது 1911ல் வந்த ஜான்சன் தீர்ப்பு. கான்சஸ் சிட்டியில் ஜான்சன் என்பவர் புற்றுநோய் குணமாகும் என்று மாத்திரை விற்றார், அது ஒன்றுக்கும் உதவாது என்பது அவருக்கே தெரியும் என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ், புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் இந்தச் சட்டத்தில் குற்றம், குணமாகும் என்று சொல்வது இதில் வராது என்று எழுதிவிட்டார். அதாவது சர்க்கரைத் தண்ணீரைச் சர்க்கரைத் தண்ணீர் என்றே எழுதி, புற்றுநோய்க்கு மருந்து என்று விற்கலாம்! ஹியூஸ் உள்பட மூன்று நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பெரும்பான்மை ஹோம்ஸ் பக்கம்.

தராசுத்தட்டு:
வாசு சொல்வது சரி, ஆனால் சட்டம் சுத்தமாக வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், என் கண்ணுக்குப் பெரிய விஷயம் லேபிளில் உள்ளே இருப்பதை எழுத வைத்ததுதான். ஆல்கஹால், மார்ஃபின், ஓபியம், கோக்கெய்ன், ஹெராயின், குளோரோஃபார்ம் மாதிரி ஒரு பட்டியல், அதில் எது இருந்தாலும் அளவோடு லேபிளில் வந்தாக வேண்டும். பல் முளைக்கும் குழந்தை அழாமல் தூங்க மிஸஸ் வின்ஸ்லோ சிரப் என்று ஒன்று கொடுப்பார்கள், அதில் இருந்தது மார்ஃபின். அந்த எழுத்து புட்டி மேல் ஏறியதும் எந்த அம்மாவுக்குக் கொடுக்க மனசு வரும்? தடை போடாமலே பல கம்பெனிகள் தாங்களாகவே செய்முறையை மாற்றிக்கொண்டன.

இன்னொன்று, அபராதத்தை மட்டும் பார்க்காதீர்கள். சரக்கையே பறிமுதல் செய்யலாம், அப்போது வழக்கு ஆள் மேல் இல்லை, பெட்டி மேல். 'ஏழு பெட்டி எக்மன்ஸ் ஆல்டரேட்டிவ் எதிர் அமெரிக்கா' என்று உச்ச நீதிமன்றத்தில் நிஜமாகவே ஒரு வழக்கு இருக்கிறது, 1916. காசநோய் குணமாகும் என்று விற்ற சரக்கு. இதில் அரசாங்கம் ஜெயித்தது, தீர்ப்பு எழுதியவர் அதே ஹியூஸ்!

நூலகப்பூனை:
ஒரு நிமிஷம், 1911ல் தோற்ற அரசாங்கம் 1916ல் எப்படி ஜெயித்தது?

வாய்தா வாசு:
நடுவில் 1912ல் ஷெர்லி திருத்தம் வந்தது. குணமாகும் என்று பொய் சொல்வதும் குற்றம் என்றாகிவிட்டது, ஆனால் அது பொய்யாகவும் இருக்கவேண்டும், மோசடியாகவும் இருக்கவேண்டும். விற்றவர் மனசறிந்து ஏமாற்றினார் என்று நிரூபிக்கிற சுமை அரசாங்கத்தின் தலையில். நான் நம்பித்தான் விற்றேன் சார் என்று ஒருவர் நின்றால் என்ன செய்வது? இதைப் பாராட்டி எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

1930களில் பான்பார் வழக்கைப் பாருங்கள், நீரிழிவுக்கு ஒரு செடிச்சாறு. இன்சுலின் வந்த பிறகும் இதை விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி, குணமானவர்கள் எழுதிய கடிதங்களைக் கோர்ட்டில் நீட்டியது. அரசாங்கம் அந்தக் கடிதம் எழுதியவர்களில் சிலருடைய இறப்புச் சான்றிதழ்களை நீட்டியது, காரணம் நீரிழிவு. அப்படியும் அரசாங்கம் தோற்றது! மோசடி எண்ணத்தை நிரூபிக்கவில்லையாம்.

தராசுத்தட்டு:
1937ல் எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற கிருமித்தொற்று மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தபோதும் இதே கதைதான். மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலை ஊற்றியிருந்தார்கள், அது விஷம். ஆனால் விற்குமுன் சோதிக்கவேண்டும் என்று சட்டமே இல்லை. எலிக்சிர் என்றால் ஆல்கஹாலில் கரைத்த மருந்து, ஆல்கஹால் இல்லாததை எலிக்சிர் என்று எழுதியது பொய் லேபிள், அந்த ஒரு பிடியை வைத்துத்தான் புட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். 1938ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் மோசடி எண்ணத்தை நிரூபிக்கும் தொல்லை ஒழிந்தது, புது மருந்து பாதுகாப்பானது என்று விற்குமுன் காட்டவேண்டும் என்பதும் வந்தது. நோய்க்குக் கேட்கிறதா என்று காட்டச் சொன்னது 1962ல்.

நூலகப்பூனை:
ஓ, அப்போ நாளிதழ் விளம்பரங்கள்? அதில்தானே பெரிய புளுகெல்லாம்?

வாய்தா வாசு:
1906 சட்டமும் 1912 திருத்தமும் லேபிளையும் பெட்டிக்குள் வைக்கிற தாளையும்தான் தொட்டன, பத்திரிகை விளம்பரத்தை இல்லை. 1938லும் மருந்து விளம்பரத்தைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம்தான் கொடுத்தார்கள், லேபிள் பார்க்கிற அலுவலகம் வேறு, விளம்பரம் பார்க்கிற அலுவலகம் வேறு. அந்த இழுபறிக்குத் தனி இழைதான் போடவேண்டும்.