மறு: 'ரேண்டம்' என்பதற்குத் தாய்மாருக்கும் புரிகிற ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

தும்பை, திங்கள் காலை

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி மாணவியருக்கும் அவர்கள் பெற்றோருக்குமாக கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி பற்றிய சிறு கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது, எந்த வயதில் ஊசி போடுவது நல்லது என்பதெல்லாம் முடிந்துவிட்டது. 'இந்த ஊசியை எப்படிச் சோதித்தார்கள்' என்ற பக்கத்தில் வந்து நிற்கிறேன். ஆய்வில் சேர்ந்தவர்களை யார் விருப்பமும் நுழையாமல் குழுக்களாகப் பிரிப்பதை ஆங்கிலத்தில் 'ரேண்டம்' என்கிறார்கள். அதற்குத்தான் சொல் தேடுகிறேன்.

கென்யாவில் நடந்த கென்-ஷி ஆய்வை எடுத்துக்கொண்டேன். 15 முதல் 20 வயது வரையுள்ள 2,275 பெண்கள், மூன்று குழுக்கள். இரண்டு குழுவுக்கு வேறுவேறு ஹெச்பிவி ஊசி, ஒரே ஒரு தவணை. மூன்றாம் குழுவுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. அவர்களுக்குப் பிற்பாடு ஹெச்பிவி ஊசியும் போட்டார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், புற்றை உண்டாக்கும் 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்கிவிடாமல் அந்த ஒரு தவணை 97.5 விழுக்காடு காத்திருக்கிறது. 2022-இல் வெளியான முடிவு இது. இரண்டு மூன்று ஊசி வேண்டாம், ஒன்று போதும் என்ற பேச்சுக்கு வலுச் சேர்த்த ஆய்வு என்பதால் இதை விட மனமில்லை.

என் வரைவு: "பங்கேற்ற பெண்கள் சமவாய்ப்பு ஒதுக்கீட்டு முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "இதுல எம்பிசிக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார். சமவாய்ப்பு, ஒதுக்கீடு இரண்டுமே அரசாணையில் வரும் சொற்கள். அவர் கேட்டதில் தவறே இல்லை. வேறு சொல் தாருங்கள்.

*

முல்லைவனம், திங்கள் பிற்பகல்

அம்மா, 'சமவாய்ப்பு' பாடநூலில் ஊன்றிவிட்ட சொல். 'சமவாய்ப்புச் சோதனை', 'சமவாய்ப்பு மாறி' என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் புதுச்சொல் ஒன்றை நீட்டினால், இரண்டும் வேறு என்று நினைப்பார்கள். சிக்கலுக்குக் காரணம் 'ஒதுக்கீடு'தான். அதை எடுத்துவிட்டுப் 'பகிர்வு' என்று போடுங்கள், தீர்ந்தது. ஒரு துறைக்கு ஒரு சொல் என்று நிலைக்க ஐம்பது ஆண்டு ஆகிறது. நிலைத்ததைப் பிடுங்கக் கூடாது.

*

ஊரணி, திங்கள் இரவு

ஐயா சொல்வது கணக்கு வகுப்புக்குப் பொருந்தும். சமுதாய மருத்துவத்தில் வேலை செய்பவன் என்பதால் இரண்டு இடைஞ்சல்களைச் சொல்கிறேன்.

முதலாவது: எல்லா ஆய்விலும் குழுக்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. புது மருந்துக்கு இருவர், பழைய மருந்துக்கு ஒருவர் என்று பிரிக்கும் ஆய்வுகள் நிறைய. 'சம' என்று படித்தவர் பாதிக்குப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது: பல நேரம் குலுக்கலில் விழுவது ஆளே இல்லை, ஊர்! திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் பரிசோதனை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். செவிலியர் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெண்மை தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறை. 114 பகுதிகளைப் பிரித்து 57-இல் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பரிசோதனை, மற்ற 57-இல் வழக்கமான கவனிப்பு. 2007-இல் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதிகளில் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைவு. உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு, நம் மாவட்டத்தில் நடந்தது. அதில் ஒரு பெண்ணிடம் "உங்களுக்குச் சமவாய்ப்பு இருந்தது" என்றால், எதிலே என்று அவர் கேட்கமாட்டாரா?

*

முல்லைவனம், செவ்வாய் அதிகாலை

டாக்டர், இருவருக்கு ஒருவர் என்று பிரித்தாலும், வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் புது மருந்து கிடைக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. எல்லாருக்கும் அதே மூன்றில் இரண்டு. ஆளுக்கு ஆள் சமம் என்பதே சொல்லின் பொருள். குழுவுக்குக் குழு சமம் என்று யாரும் சொல்லவில்லையே.

*

ஊரணி, செவ்வாய் காலை

தர்க்கம் சரி, ஐயா. ஆனால் அந்தத் தர்க்கத்தைக் கையேட்டோடு சேர்த்து அனுப்ப முடியாது.

*

பனைநிலா, செவ்வாய் காலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பாடப்புத்தகங்களில் 'எழுமாறு' என்பதுதான் வழக்கு. எழுமாற்று மாறி, எழுமாறாகத் தெரிவுசெய்தல். உயர்தரம் படித்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். 'சம' என்ற தொல்லையும் இல்லை, அரசியலும் இல்லை. ஆளானாலும் ஊரானாலும் பொருந்தும். கடலுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு காலம் புழங்கிய சொல்லை ஏன் ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை?

*

நாஞ்சிலான், செவ்வாய் மாலை

சகோதரி, எழுமாற்று நல்ல ஓசை. ஆனால் இங்கே காதில் விழுவது 'மாற்று'. மாற்று மருத்துவம், மாற்றுச் சான்றிதழ். எழுகின்ற மாற்று என்றால் என்ன? ஊசியை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று பயப்படுவார்கள்.

வேர் தேடி வெளியே போக வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், பொ.ஆ. 919, 921. முப்பது குடும்பு, அதாவது ஊர்ப் பிரிவு, ஒவ்வொன்றிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எதுவும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். தகுதிக்கு வயது வரம்பு 35 முதல் 70. இன்றைய ஆய்வில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று வகுக்கிறார்களே, அதேதான். எடுக்கிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றி 1948-இல் வெளியான ஆய்வுக்குப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் முத்திரையிட்ட உறைகளுக்குள் மறைத்து வைத்ததை நாம் குடத்துக்குள் வைத்திருந்தோம். 'குடவோலைப் பகிர்வு' என்று எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

*

முல்லைவனம், செவ்வாய் இரவு

குடவோலை உத்திரமேரூருக்கும் மூத்தது. "கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார்" என்று அகநானூறு 77-ஆம் பாட்டிலேயே வருகிறது. அங்கே அது கொடிய பாலைக் காட்சிக்கு உவமை. மாண்டவர் குடலைக் கழுகு பிடுங்குவதற்கு, குடத்தின் பொறியை நீக்கி ஓலை எடுக்கும் ஆவணமாக்களை ஒப்பிடுகிறார் புலவர். மருத்துவக் கையேட்டுக்கு உகந்த இடமா என்று நாஞ்சிலார் யோசிக்க வேண்டும்.

எழுமாற்று பற்றியும் ஒரு சொல். அதில் 'மாற்று' இல்லவே இல்லை. எழும் + ஆறு, எழுமாறு. எழுகிற வழி, வருகிறபடி. வேற்றுமைப் புணர்ச்சியில் று இரட்டித்து 'எழுமாற்று' ஆயிற்று. "நெடிலோ டுயிர்த்தொடர்க் குற்றுக ரங்களுள் டறஒற் றிரட்டும் வேற்றுமை மிகவே" என்பது நன்னூல். ஆற்றுநீர் எப்படியோ அப்படி. எனவே பனைநிலா அம்மையார் தந்தது இலக்கணம் வழுவாத சொல். எனக்குச் சமவாய்ப்புதான் வேண்டும். ஆயினும் இதை மாற்று என்று இகழ்வதை ஏற்கமாட்டேன்.

*

ஊரணி, புதன் காலை

குடவோலையில் எனக்கும் மனம் போகிறது. ஆனால் அது செய்வது வேறு வேலை. பலரில் சிலரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. தேர்ந்து வந்த எல்லாரையும் இரண்டு மூன்றாகப் பிரிப்பது இன்னொன்று. உத்திரமேரூரில் பெயர் வராதவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஆய்வில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எல்லாரும் உள்ளே, வேறு வேறு குழுவில். இந்த வேறுபாட்டை நம் முதுகலை மாணவர்களே தேர்வில் குழப்பிக்கொள்கிறார்கள். சொல்லே குழப்பத்தைக் கூட்டக் கூடாது.

*

அல்லி, புதன் காலை

நான் பள்ளி ஆசிரியை. 'ரேண்டம்' என்றே விட்டுவிடலாம் என்று எழுத வந்தேன், பிறகு வகுப்பு ஞாபகம் வந்தது. "ரேண்டமா ஒருத்தன் வந்து பேசுனான்" என்கிறார்கள் பிள்ளைகள். சம்பந்தமில்லாமல், காரணமில்லாமல் என்று பொருள். ஊசியைச் சம்பந்தமில்லாமல் போட்டார்கள் என்று ஆகிவிடும். 'தற்செயல்' எப்படி? 'தற்செயல் பகிர்வு'. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

*

ஊரணி, புதன் பிற்பகல்

அல்லி டீச்சர், தற்செயல் மட்டும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டு மல்லி என்கிறோமே, அதே செடி. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். அந்த இலை கனடாவுக்குப் போய், நோபிள், பியர் என்ற இருவர் கையில் சோதனைக்கு வந்தது. எலியின் இரத்தச் சர்க்கரை அசையவில்லை. வெள்ளணுக்கள் சரசரவென்று குறைந்தன. சர்க்கரைக்கு மருந்து தேடியவர்களுக்கு 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து அடுத்து வந்த வின்கிரிஸ்டினைத்தான் இன்றும் இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஏற்றுகிறோம். அது தற்செயல். யாரும் திட்டமிடவில்லை.

நாம் பெயர் தேடும் செயல் இதற்கு நேர் எதிர். முன்கூட்டித் திட்டமிட்டு, பட்டியல் போட்டு, பூட்டி வைத்துச் செய்வது. பிரிப்பவரின் விருப்பம் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு பாடு. நோயாளி தேறுவார் என்று தோன்றினால் மருத்துவர் கை தானாகப் புது மருந்துக்குப் போகும். பிறகு மருந்து நல்லதா, நோயாளி ஏற்கெனவே திடமாக இருந்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சென்னையில் 1956-இல் காசநோய்க்காரர்களை வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதா, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்ப்பதா என்று ஒப்பிட்டபோது, யார் விருப்பத்துக்கும் இடமில்லாமல்தான் பிரித்தார்கள். வசதியுள்ளவர் வீட்டுக்கு, ஏழை சானடோரியத்துக்கு என்று பிரித்திருந்தால், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலே போதும் என்ற முடிவை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஹெச்பிவி ஆய்விலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். இந்தியாவில் 2009-இல் 10 முதல் 18 வயதுப் பெண்கள் 20,000 பேரை இரண்டு தவணை, மூன்று தவணை என்று பிரிக்கத் தொடங்கினார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2010 ஏப்ரலில், வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் எழுந்த பிரச்சினையால், ஆய்வுகளில் போடும் எல்லா ஹெச்பிவி ஊசியையும் அரசு நிறுத்தியது. ஏறத்தாழ 17,700 பேர் சேர்ந்திருந்தார்கள். அடுத்த தவணைக்கு நாள் வராதவர்கள் ஒரே தவணையோடு நின்றார்கள். 'ஒரு தவணைக் குழு' அப்படித்தான் உண்டானது, தற்செயலாக. அவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் ஒரு தவணையே நன்றாகக் காப்பது தெரிந்தது. ஆனாலும் குழு தானாக உண்டானது என்பதால் ஐயம் மிச்சமிருந்தது. அதைத் தீர்க்கத்தான் கென்யாவில் முறைப்படி பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் தற்செயல் என்று சொன்னால் இந்தக் கதையே இல்லாமல் போகும்.

*

தும்பை, புதன் இரவு

டாக்டர், இந்தக் கடைசிப் பத்தியை அப்படியே கையேட்டில் எடுத்துக்கொள்ளலாமா?

சொல்லுக்கு வருகிறேன். மகளிர் குழுவில் கேட்டுப் பார்த்தேன். "சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க" என்றதும் புரிந்துகொண்டார்கள். குலுக்கல் சீட்டுப் பிடிக்காத வீடு இங்கே குறைவு. எல்லார் கண் முன்னாலும் குலுக்குவார்கள். யார் பெயர் வந்தாலும் சண்டை கிடையாது. அந்த நம்பிக்கை இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது.

ஒருவர் மட்டும், "கோயில்ல பூப் போட்டுக் கேக்கிற மாதிரியா?" என்றார். திருவுளச்சீட்டு என்ற சொல்லும் வந்தது. அதை நான் தொடவில்லை. சாமி முடிவு செய்தது என்று நினைத்தால், ஊசி கிடைக்காத பிள்ளையின் தாய் அதைத் தெய்வக் குற்றமாக எடுத்துக்கொள்வார்.

*

நாஞ்சிலான், வியாழன் காலை

சீட்டு தமிழா? சிட்டி, சிட்டா என்று வடக்கே புழங்குவதோடு உறவு இருக்கும் என்றே ஐயுறுகிறேன். ஓலை இருக்கச் சீட்டு எதற்கு? குலுக்கல் என்றால் லாட்டரி. 2003-இல் அரசு தடைசெய்யும்வரை எத்தனை குடும்பத்தை அழித்தது அது! அந்த நாற்றம் பிடித்த சொல்லைப் பெண்பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டுமா?

*

முல்லைவனம், வியாழன் காலை

சீட்டுக்கவி என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு, நாஞ்சிலாரே. புலவர்கள் பல நூற்றாண்டு எழுதியதை அயலென்று தள்ளினால் நம்மிடம் மிஞ்சுவது கொஞ்சமே.

ஆனால் குலுக்கல் பற்றிய அவர் கவலையில் பாதி நியாயம். 'விழுந்தது' என்ற வினை கூடவே வருகிறது. சீட்டு விழுந்தவர் பேறு பெற்றவர், விழாதவர் இழந்தவர். எந்த மருந்து நல்லது என்று தெரியாதபோதுதானே ஆய்வு? பரிசு எது என்று தெரியாத குலுக்கலைக் குலுக்கல் எனலாமா?

*

ஊரணி, வியாழன் பிற்பகல்

ஐயா கேட்டது சரியான கேள்வி. எந்தச் சொல்லை வைத்தாலும் அந்த ஒரு வரியைத் தனியாக எழுதத்தான் வேண்டும். 'குலுக்கல்' என் வாக்கு.

*

அல்லி, வியாழன் பிற்பகல்

எனக்கும் குலுக்கல். பக்கத்தில் சமவாய்ப்பு என்றும் ஒரு முறை வரட்டும். பிறகு பத்தாம் வகுப்பில் பார்க்கும்போது அடையாளம் தெரியும்.

*

தும்பை, வெள்ளி காலை

அச்சுக்குப் போவது இது:

"யாருக்கு எந்த ஊசி என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, பெண்களும் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கி எடுப்பதைப் போல, முன்பே போட்டு மறைத்து வைத்த பட்டியலின்படி பிரித்தார்கள். ஒரே தவணை எவ்வளவு காக்கும் என்று அப்போது உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இப்படிப் பிரித்தார்கள். இந்தக் குலுக்கல் முறையைப் பாடநூல்கள் சமவாய்ப்பு என்று சொல்லும்."

முல்லைவனம் ஐயா சொன்ன 'பகிர்வு' இடம்பெறவில்லை. 'பிரித்தார்கள்' போதும் என்று விட்டுவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

*

நாஞ்சிலான், வெள்ளி காலை

பதிவுக்காக: குடவோலை என் நிலைப்பாடு. அடுத்த பதிப்பில் எழுப்புவேன்.

*

பனைநிலா, வெள்ளி நண்பகல்

தும்பை அக்கா, கையேடு நல்லா வந்திருக்கு. இங்கயும் பள்ளிகளுக்குக் கொடுக்க விரும்புறம், ஆனால் இந்தப் பக்கத்தை அப்படியே எடுக்கேலாது. குலுக்கல் என்று இங்க ஒருவரும் சொல்லுறதில்லை. 'சீட்டிழுப்பு' என்பம், அது லொத்தரோட ஒட்டின சொல். லொத்தர் இங்க இப்பவும் ஓடுது. எங்கட பதிப்பில் 'எழுமாறாகப் பிரித்தார்கள்' என்றுதான் போடுவன். இலக்கணம் சரி என்று முல்லைவனம் ஐயாவே சொல்லிப்போட்டார். 'மாற்று' என்று காதில் விழும் என்ற காரணத்துக்காக அதைத் தள்ளினது எனக்கு இன்னும் ஒப்பில்லை. கோப்பை அனுப்பிவிடுங்கோ, அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் மாற்றி எழுதுறன்.