புதுப்பிப்பு: எறும்பு வேஷச் சிலந்தி சிக்கிடுச்சு

முசுறு எறும்பு (இலையைச் சேர்த்துக் கூடு கட்டுற செவ்வெறும்பு) கூட்டத்துல எறும்பாட்டமே திரியுற சிலந்தியை எப்படிப் படம் பிடிக்கிறதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல? அடையாறுல ஒரு மாமரத்துல கிடைச்சுது. இலைக்கு அடியில தேடச் சொன்னவருக்கு நன்றி.

கூட்டத்துக்குள்ள தேடாதீங்க, ஓரமா தனியாத் திரியுறதைப் பாருங்க. முன்னங்கால் ரெண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டும். எண்ணினா கால் எட்டு இருக்கும். ஆணோட தாடை நீளம், இன்னொரு எறும்பைச் சுமந்துட்டுப் போற மாதிரி தெரியும். பலே நடிகன்!

மிரண்டா நூல் விட்டு இறங்கிடும், அதனால மெதுவா நெருங்கணும். நான் வெச்சது: 100 எம்எம் மேக்ரோ (கிட்டத்துல எடுக்கிற) லென்ஸ், அபர்ச்சர் எஃப்/11, ஷட்டர் 1/200 செகண்ட், வெளிச்சம் மென்மையா விழ ஃபிளாஷ் முன்னாடி பட்டர் பேப்பர். ஃபோகஸ் முன்பக்கப் பெரிய கண்கள்ல. கிளையை மட்டும் ஆட்டாதீங்க, முசுறு பிடுங்கி எடுத்துடும். பெண் சிலந்தி இன்னும் சிக்கலை.