இருட்டில் பன்றி குறுக்கே வந்தால்: பிரேக்கா, ஹேண்டிலா?

ஹட்டன் ரைடர்:
போன வாரம் நுவரெலியா மலைப்பாதையில், நானுஓயாவுக்கு இந்தப் பக்கம் நம்ம பொடியன் ஒருவன் காட்டுப்பன்றியை விலத்தப் போய், ரோட்டோரக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். பன்றிக்கு ஒரு கீறல் கூட இல்லை. அதனால் நேராகவே சொல்கிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை: மிருகம் திடீரென்று குறுக்கே வந்தால் ஹேண்டிலைத் திருப்பவே கூடாது. பைக்கைச் சரிக்காமல் நிமிர்த்தி வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்காமல் இறுக்கிக்கொண்டே போய், எவ்வளவு வேகத்தைக் குறைக்க முடியுமோ அவ்வளவையும் குறைக்க வேண்டும். கடைசியில் மோதினாலும் 20இல் மோதுவது வேறு, 50இல் மோதுவது வேறு. விலகுவதற்கு நம்ம பாதையில் இடம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் கானும் மண் மேடும், மறு பக்கம் எதிரே வரும் லொறி, லொறி இல்லாவிட்டால் பள்ளம்.

பழைய சிடி:
தம்பி, இதெல்லாம் வீல் லொக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் உள்ள பைக்குக்குச் சரி. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஓடுகிற எத்தனையோ பைக்குக்கு முன்னுக்கும் டிரம் பிரேக்தான், டயர் தேய்ந்து மொட்டையாகி இருக்கும், அதற்கு மேல் மழை, லொறி இழுத்துக்கொண்டு வந்து கொட்டிய சேறு. அந்த ரோட்டில் முன் வீல் லொக் ஆனால் பன்றி வரைக்கும் போகவே மாட்டீர்கள், அதற்கு முன்னமே படுத்துவிடுவீர்கள். நான் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, மிருகத்தின் வால் பக்கமாக மெதுவாகத் திருப்புவேன். மிருகம் முன்னுக்குத்தான் ஓடும், ரிவர்ஸ் எடுக்காது.

ஹட்டன் ரைடர்:
வால் பக்கம் என்கிறீர்களே அண்ணே, பன்றி எந்தக் காலத்தில் தனியாக வந்தது? தாய் கடந்து போனதும் குட்டிகள் வரிசையாக இறங்கும், நீங்கள் அந்த வரிசைக்குள் போய் விழுவீர்கள். மரை, அந்தப் பெரிய மான், இன்னும் மோசம். நடு ரோட்டில் நின்று வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, வந்த பக்கமே திரும்பித் தாவும்.

பழைய சிடி:
மரைக்கு ஒப்புக்கொள்கிறேன். முழு வளர்ச்சி அடைந்த ஆண் மரை 200 கிலோவுக்கு மேல் வரும், பைக்கும் ஆளும் சேர்ந்தாலும் அந்தப் பாரம் வருமோ தெரியாது. அது எந்தப் பக்கம் தாவும் என்று கணக்குப் போட யாராலும் முடியாது. ஆனால் தனிப் பன்றிக்கு என் வழிதான். கிழட்டு ஆண் பன்றி தனியாகத்தான் திரியும், பார்த்ததில்லையா?

கந்தப்பளை டீச்சர்:
இரண்டு பேரும் வேகத்தைப் பற்றிப் பேசாமலே அடித்துக்கொள்கிறீர்கள். 60இல் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகிறோம். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கை அமுக்குவதற்கு ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும், அதாவது பிரேக் தொடும் முன்னமே 17 முதல் 25 மீற்றர் போய்விட்டது. அப்புறம் காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். ஈரமென்றால் 35 என்று வையுங்கள். சின்ன பைக்கின் லோ பீம் 30, 40 மீற்றர் காட்டினால் பெரிய விஷயம். அப்படியென்றால் 60இல் போகிறவருக்கு பிரேக்கும் இல்லை, ஹேண்டிலும் இல்லை, பன்றி மட்டும்தான் இருக்கிறது. 40இல் போனால் காய்ந்த ரோட்டில் மொத்தமே 20 முதல் 26 மீற்றர், ஈரத்திலும் 30ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ அதுதான் வேகம், லபுக்கலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் அது 25ஆகவும் இருக்கலாம்.

பழைய சிடி:
டீச்சர், கணக்குச் சரி. ஆனால் 25இல் போகும் போது பின்னால் வருகிற பஸ்காரனிடம் இந்தக் கணக்கை யார் சொல்வது? வெறும் ரோட்டில் திடீரென்று பிரேக் பிடித்தால் பன்றியை விட பஸ்தான் முதலில் வந்து சேரும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்புகிறவனிடம் இரவில் போகாதே என்றும் சொல்ல முடியாது.

கந்தப்பளை டீச்சர்:
இரவில் போகாதே என்று நான் சொல்லவில்லை. பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அதை முன்னுக்கு விடுங்கள். அதற்கப்புறம் அதன் பின்னால், பிரேக் பிடிக்க இடைவெளி விட்டுப் போங்கள். பஸ் லைட் உங்கள் லைட்டை விடப் பெரியது, ரோட்டில் நிற்கிற மிருகத்தை அதுவே பெரும்பாலும் கலைத்துவிடும்.

குளிர் காற்று:
ஒன்லைனில் ஒரு விசில் விற்கிறார்கள், பைக் முன்னால் ஒட்டினால் காற்றில் ஊதும், மனிதனுக்குக் கேட்காது, மிருகத்துக்குக் கேட்டு ஓடிவிடும். யாராவது போட்டிருக்கிறீர்களா?

ஹட்டன் ரைடர்:
அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஹெட்லைட் பல்ப் வாங்கு மச்சான். அமெரிக்காவில் வாகனத்தில் பூட்டி மான்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மான் கண்டுகொள்ளவே இல்லை.

குளிர் காற்று:
சரி, பல்ப் போட்டு ஹை பீமில் போனால் கண் மின்னுவது தூரத்திலேயே தெரியுமே?

கந்தப்பளை டீச்சர்:
மரைக்கும் சிறுத்தைக்கும் நாய்க்கும் தெரியும். அவற்றின் கண்ணுக்குள்ளே பின்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. பன்றிக்கு அது கிடையாது. குரங்குக்கும் கிடையாது, ஆனால் குரங்கு இரவில் ரோட்டுக்கு வராது. கறுப்பு உடம்பு, மின்னாத கண், ஈர ரோட்டின் அதே நிறம், இதுதான் பன்றி. அதனால் கண் மின்னவில்லை, ரோடு காலி என்று முறுக்கினால் சரிவராது. மரைக்கு வேறு சிக்கல். லோ பீம் அதன் காலை மட்டும்தான் காட்டும், வளைவு ஓரத்தில் நான்கு குச்சி நட்டு வைத்த மாதிரி இருக்கும், உடம்பு மேலே இருட்டில். எதிரே வாகனம் இல்லாத நேரான துண்டில் ஹை பீம் போடுங்கள், மிருகத்தைக் கண்டதும் குறைத்துவிடுங்கள், கண் கூசினால் அது நகராமல் நின்றுவிடும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பழைய சிடி:
அப்புறம் ஹோர்ன். முடக்குக்கு, அதாவது வளைவுக்கு, முன்னால் ஒரு தடவை அடிக்கலாம், நல்லதுதான். மிருகம் ரோட்டுக்கு வந்த பிறகு கையை எடுக்காமல் அடிக்கிறார்களே, அது மிரண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் பைக் மேலேயே வரும்.

மானாப்புல்:
எல்லோரும் பைக்காரனுக்கே பாடம் எடுக்கிறீர்கள். ரோட்டு ஓரத்து மானாப்புல்லை வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டுகிறார்களா என்பதே சந்தேகம், ஆள் உயரத்துக்கு நின்று ரோட்டுக்குள் சாய்கிறது. அதற்குள் யானையே நின்றாலும் தெரியாது. முடக்கில் குப்பை கொட்டுகிறவர்களும் நம்ம ஆட்கள்தான். குப்பைக்கு நாயும் பன்றியும் வரும், நாயைப் பிடிக்கச் சிறுத்தை வரும். சுற்றுலா வருகிறவர்கள் மரைக்கு பாணும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்குகிறார்கள், அப்படிப் பழகியது வாகனத்தைக் கண்டால் விலகாது, கிட்டத்தான் வரும்.

ஹட்டன் ரைடர்:
நியாயம்தான். ஆனால் புல் வெட்டுகிற வரைக்கும் இன்றைக்கு இரவு வீட்டுக்குப் போகிறவன் என்ன செய்வது?

மானாப்புல்:
மண்ணைப் பாருங்கள். ரோட்டோரம் புதிதாகக் கிண்டிப் புரட்டிக் கிடந்தால், தார் ரோட்டில் கான் பக்கமிருந்து சேற்றுக் குளம்பு இறங்கியிருந்தால், அதே இடத்தில்தான் நாளைக்கும் இறங்கும். மரக்கறித் தோட்டம் ஒரு பக்கமும் காடோ ஓடையோ மறு பக்கமும் இருக்கிற துண்டுகளில் பன்றிக்கு நிரந்தரப் பாதை இருக்கும். பகலில் போகும் போது பார்த்து வைத்தால் இரவில் அந்த இடத்துக்கு முன்னமே கியரைக் குறைக்கலாம், கையை பிரேக்கில் வைத்திருக்கலாம். பொழுது சாயும் நேரமும் விடியற்காலையும்தான் அதிகம் நடமாடும், கொழுந்து லொறி போய் ரோடு அடங்கினதும் தொடங்கிவிடும்.

பழைய சிடி:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரி தம்பி, முதலில் பிரேக், வேகம் குறைந்த பிறகு இடமிருந்தால் மட்டும் ஹேண்டில், அது வரைக்கும் வருகிறேன். டிரம் பிரேக்காரன் முன் பிரேக்கை மெதுவாகத்தான் பிடிக்க வேண்டும், அதில் நான் மாறமாட்டேன்.

குளிர் காற்று:
மோதிவிட்டால்? இறைச்சி பங்கு போடலாமா, ஹிஹி.

கந்தப்பளை டீச்சர்:
அடிபட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் உன் தொடையில்தான் பங்கு போடும். கிட்டப் போகாதே. விழுந்த ஆளை ரோட்டு நடுவிலிருந்து எடுக்க முதல் பின்னால் வருகிற வாகனத்துக்கு யாராவது டோர்ச் காட்டுங்கள். அம்பியூலன்ஸ் 1990, மிருகத்துக்கு வனசீவராசிகள் திணைக்களம் 1992. அவசரத்தில் இரண்டையும் மாற்றி அடிக்கிறார்கள். மரை, சிறுத்தை எல்லாம் சட்டம் பாதுகாக்கிற மிருகங்கள், இறைச்சியோடு பிடிபட்டால் விபத்து என்று சொல்லித் தப்ப முடியாது.

ஹட்டன் ரைடர்:
மானாப்புல், நீங்கள் எந்தப் பக்கம்? தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் இப்போது எங்கே கிண்டியிருக்கிறது?

மானாப்புல்:
லிந்துலை தாண்டி நானுஓயா ஏறுகிற பக்கம், உருளைக்கிழங்குத் தோட்டம் ரோட்டைத் தொடுகிற முடக்கில், இடது கான் முழுக்கப் புது மண். நேற்றுக் காலையிலும் பார்த்தேன். கந்தப்பளைப் பக்கம் டீச்சர்தான் சொல்ல வேண்டும்.